ரக்சி, டெலிவரி, சிறுகடை: காலாண்டு வரிக் கணக்கில் எங்கே பிசகுகிறது

பிரித்தானியாவில் சுயதொழில் செய்கிறவர்களிடம் மேக்கிங் டாக்ஸ் டிஜிட்டல் (வரவு செலவை மென்பொருளில் பதிந்து காலாண்டுக்கொருமுறை வரித் திணைக்களத்துக்கு அனுப்பும் முறை) பற்றிக் கேட்டால், வழக்கமாக வரும் பதில்: "எனக்கு அவ்வளவு லாபம் இல்லையே." பார்ப்பது லாபத்தை அல்ல, செலவு கழிக்க முன் உள்ள மொத்த வரவை. வீட்டு வாடகை வந்தால் அதுவும் சேரும். சம்பளமும் டிவிடெண்டும் சேராது. 2024-25 வருமான வரிப் படிவத்தில் அந்தத் தொகை 50,000 பவுண்ஸைத் தாண்டியவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் இந்த முறைக்குள். 2025-26இல் 30,000 தாண்டினால் 2027 ஏப்ரல், 2026-27இல் 20,000 தாண்டினால் 2028 ஏப்ரல்.

ரக்சி ஓடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஒரு கிழமை ஓட்டம் 1,120, ஆப் கொமிஷன் 280, வங்கிக்கு வருவது 840 என்று வையுங்கள். 46 கிழமை ஓடினால் வங்கியில் தெரிவது 38,640. உண்மையான வரவு 51,520. மென்பொருளை வங்கிக் கணக்கோடு இணைத்தால் அது அந்த 840ஐ அப்படியே "விற்பனை" என்று எழுதிவிடும். ஆப் தரும் கிழமை அறிக்கையை இறக்கி, 1,120 வரவு, 280 கொமிஷன் செலவு என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். முன்னைய படிவத்தில் 840 கணக்கைத்தான் காட்டியிருந்தால் அதையும் திருத்த வேண்டும். 2024-25 படிவத்தைத் திருத்த 2027 ஜனவரி 31 வரை அவகாசம் உண்டு.

* * *

கடைகளிலும் இதே பிழை வேறு உருவத்தில் வருகிறது. இரவு கல்லாவை மூடும்போது இசட் ரீடிங் (அன்றைய மொத்த விற்பனையைக் காட்டும் துண்டு) 612.40. அன்று காலை மரக்கறிக்காரருக்குக் கல்லாவிலிருந்து 85 கொடுத்தாயிற்று. வங்கியில் போட்டது 527.40. புத்தகத்திலும் 527.40 என்றுதான் எழுதுவார்கள். எழுத வேண்டியது: விற்பனை 612.40, கொள்வனவு 85. மரக்கறிப் பில் இல்லாவிட்டால் அந்த 85 செலவென்று காட்ட ஆதாரம் கிடையாது, ஆகவே கையால் எழுதிய துண்டாவது வாங்கி வையுங்கள். வீட்டுக்கு எடுத்த காசு செலவே இல்லை.

சில்லறைக் கடைக்காரர் அதற்கான தெரிவைச் செய்துகொண்டால், ஒவ்வொரு விற்பனையாகப் பதியத் தேவையில்லை, நாளொன்றுக்கு ஒரு மொத்தம் போதும். செலவுக்கு அந்தச் சலுகை இல்லை: ஒவ்வொன்றுக்கும் திகதி, தொகை, வகை மூன்றும் வேண்டும்.

* * *

திகதிகளைச் சேர்த்துவிடுகிறேன். காலாண்டு அறிக்கை ஆகஸ்ட் 7, நவம்பர் 7, பெப்ரவரி 7, மே 7. ஒவ்வொன்றும் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிய மொத்தம். அதனால் ஜூலையில் விட்ட பிழையை ஒக்டோபர் கணக்கில் சரிசெய்தால் போதும், பழையதைத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்குவதால் காலாண்டு மாத நடுவில் முடிவது தலையிடி என்றால், முதல் அறிக்கை அனுப்புவதற்கு முன் மென்பொருளில் மாத முடிவுக் காலாண்டைத் தெரிவுசெய்யலாம். ஜூன் 30, செப்டெம்பர் 30 என்று முடியும், கடைசித் திகதி மாறாது.

முதல் ஆண்டில் பலர் மறப்பது: 2025-26க்கான பழைய முறைப் படிவமும் 2027 ஜனவரி 31க்குள் போக வேண்டும். மூன்றாவது காலாண்டு அறிக்கைக்கு அதற்குப் பிறகு ஒரு கிழமைதான்.

2026 ஏப்ரலில் சேர்கிறவர்களுக்கு முதல் ஆண்டுக் காலாண்டு அறிக்கை பிந்தினால் தண்டப் புள்ளி இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு புள்ளி, நான்கானதும் 200 பவுண்ஸ். இந்தச் சலுகையை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். ஒரு வருடத்துப் பில்களை மே மாதத்தில் குவித்து வைத்து வகை பிரிப்பது கொடுமையான வேலை.

* * *

எக்செல் பாவிக்கிறவர்கள் அதை விட வேண்டியதில்லை. எக்செல் கணக்கை வரித் திணைக்களத்துக்கு அனுப்பித் தரும் பிரிட்ஜிங் மென்பொருள் ஒன்று போதும். ஆனால் எக்செலில் வந்த மொத்தத்தைப் பார்த்து மற்றதில் கையால் தட்டக் கூடாது, கொப்பி-பேஸ்டும் கூடாது. செல்லோடு செல் இணைந்திருக்க வேண்டும், அல்லது கோப்பாக ஏற்ற வேண்டும்.

வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி தன் பங்குக்கு மென்பொருள் தருவதில்லை. இலவசமானவை இருக்கின்றன, ஆனால் எடுக்க முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: காலாண்டு அறிக்கையோடு ஆண்டு இறுதிப் பிரகடனமும் இதிலேயே அனுப்பலாமா? ரக்சியும் வாடகையும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே அனுப்புமா? இரண்டு தொழில் என்றால் இரண்டு அறிக்கை. பிரித்தானியாவில் உள்ள எல்லா வாடகை வீட்டுக்கும் சேர்த்து ஒன்று.

மென்பொருள் வாங்கினால் பதிவு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. கவ்.யுகே என்ற அரச தளத்தில் தனியே பதிய வேண்டும், அல்லது உங்கள் கணக்காளர் பதிய வேண்டும். பிறகுதான் கவர்ன்மென்ட் கேட்வே அடையாளத்தால் (அரச இணையச் சேவைகளுக்கான உள்நுழைவு) மென்பொருளுக்கு அனுமதி கொடுப்பது. அந்த அனுமதி 18 மாதத்தில் காலாவதியாகும். பெப்ரவரி 6 இரவு "அனுமதி இல்லை" என்று திரையில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், திரும்ப உள்நுழைந்து அனுமதித்தால் போய்விடும்.