அம்மாவுக்குக் குளியலறை கட்டோணும்: எந்தக் கொந்தராத்துக்காரரிட்டக் குடுக்கிறது?

உப்புவெளி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீடு திருகோணமலை உப்புவெளியில, கடலில இருந்து முன்னூறு மீற்றர் உள்ளுக்கு. சுனாமிக்குப் பிறகு 2006ல அப்பா திருத்திக் கட்டினது. அப்பா இப்ப இல்லை. அம்மாவுக்கு 74 வயசு. போன மாசியில பின் முத்தத்துக் குளியலறைப் படியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுது. இப்ப வோக்கரோடதான் நடக்கிறா. இரவில அவவைக் கூட்டிக்கொண்டு முத்தத்தால போகேக்க எனக்கு நெஞ்சு பதறும்.

அவவின்ர அறையோட சேர்த்து ஒரு குளியலறை கட்டோணும். குசினிப் படியை எடுத்துத் தரையைச் சமப்படுத்தோணும். விறாந்தைப் பிளாட்டில (தட்டைக் கொங்கிரீட் கூரையில) கொங்கிரீட் வெடிச்சுக் கம்பி தெரியுது, அதையும் பாக்கோணும்.

மூண்டு பேரிட்டக் கேட்டன். ஒருத்தர் 14 லட்சம், ஒரே ஒரு வரியில எழுதித் தந்தார். பாதிக் காசு முற்பணம் கேக்கிறார். ரெண்டாமவர் 21 லட்சம், அஞ்சு பக்கத்தில எழுதியிருக்கிறார். மூண்டாவது எங்களுக்குத் தெரிஞ்ச மேசன் பாஸ்: "சாமான் நீங்கள் எடுத்துத் தாங்கோ, கூலி மட்டும் பேசுவம்" எண்டுறார். கனடாவில இருக்கிற தம்பி 14க்கே குடுக்கச் சொல்லுறான். நான் பள்ளிக்கூடத்தால வரவே ரெண்டு மணி ஆகும், பக்கத்தில நிண்டு பாக்க ஏலாது. இப்ப ஆடி. மழைக்கு முதல் முடிக்கோணும். என்ன செய்யலாம்?

பாலையூற்றுக்காரன்:
தங்கச்சி, பாதிக் காசை மட்டும் முதல்ல குடுத்திடாதேங்கோ. நான் குடுத்தனான். புரட்டாதி கடைசியில அந்தக் கொந்தராத்துக்காரர் கூரை ஓடெல்லாம் கழட்டினார். பத்து நாளில வேற இடத்தில வேலை கிடைச்சு ஆக்களைக் கொண்டு போயிட்டார். ஐப்பசி மழை துவங்கேக்க கூரைக்கு மேல தறப்பாள் மட்டும்தான். சீலிங் ஊறி விழுந்தது, பிள்ளையளின்ர புத்தகங்களும் எங்கட கலியாணப் படங்களும் போச்சு. படங்களை நினைச்சா மனுசி இப்பவும் அழுவா. காசு அவரின்ர கையில, எந்தப் பேச்சுக்கும் பெறுமதி இருக்கேல்லை.

பிறகு வந்தவரோட இப்படிப் பேசினன்: துவங்கப் பத்து வீதம், அத்திவாரம் முடியக் கொஞ்சம், கூரை முடியக் கொஞ்சம், பூச்சு முடியக் கொஞ்சம். கடைசி அஞ்சு வீதம் ஒரு மாரி கழிஞ்ச பிறகு. அவர் முகம் சுழிக்கேல்லை. வேலையில நம்பிக்கை உள்ளவர் அதுக்கு ஓமெண்டுவார்.

ஓய்வுபெற்ற டி.ஓ. (கட்டிட வேலை பாக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர்):
மகள், ஒரு வரியில 14 லட்சம் எண்டா அதில என்ன அடக்கம் எண்டு ஆருக்கும் தெரியாது. அஞ்சு பக்கக்காரரின்ர தாளை எடுத்து, அதில உள்ள ஒவ்வொரு வேலையையும் 14 காரரிட்டக் கேளுங்கோ: மலக்குழி இருக்கோ, தண்ணி போகாத பூச்சு இருக்கோ, பைப், வயரிங், உடைச்ச கல்லுமண் ஏத்திறது ஆற்ற செலவு? எல்லாம் கூட்டிப் பாத்தா வித்தியாசம் குறையலாம்.

கம்பி தெரியிற இடம்தான் எனக்குக் கவலை. உப்புக்காத்தில கம்பி துருப்பிடிச்சு வீங்கும், வீங்கினா கொங்கிரீட்டைத் தள்ளும். மேலால சீமெந்து பூசி மறைச்சா ரெண்டு வருசத்தில திரும்ப வெடிக்கும். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்திவரத் துரு போகச் சுரண்டி, மெலிஞ்ச கம்பிக்குப் பக்கத்தில புதுக்கம்பி கட்டித்தான் மூடோணும். மூண்டு பேரிட்டயும் "இதை எப்படித் திருத்துவியள்?" எண்டு மட்டும் கேளுங்கோ. "பூசி விடலாம்" எண்டுறவரை விட்டிடுங்கோ.

மணல் ஆத்து மணலா, பெர்மிற்றோட வந்ததா எண்டு பாருங்கோ. கடல் மண் கலந்திருந்தா நாக்கில வைக்க உப்புக் கரிக்கும். கொங்கிரீட் போட்டா குறைஞ்சது ஏழு நாள் ஈரமா வைச்சிருக்கோணும். கச்சான் (வறண்ட சூட்டுக் காத்து) அடிக்கிற நாளில மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும், அதால சாக்குப் போட்டு நனைக்கிறது ஆரெண்டு முன்னமே பேசுங்கோ.

உப்புவெளி மகள்:
ஐயா, நீங்கள் சொன்ன கேள்வியை நேற்று மூண்டு பேரிட்டயும் கேட்டன். 14 லட்சக்காரர் "பூசி விடலாம்" எண்டார். மற்ற ரெண்டு பேரும் கொத்தித்தான் பாக்கோணும் எண்டிச்சினம். மேசன் பாஸ் சாம்பல்தீவில ரெண்டு மாரிக்கு முதல் முடிச்ச வீடொண்டைச் சனிக்கிழமை காட்டுறன் எண்டார். ஆனா நான் பள்ளிக்கூடத்தில நிக்கேக்க சாமான் எடுக்க ஆர் போறது? அதால அஞ்சு பக்கக்காரரிட்டயும் முடிச்ச வீடொண்டைக் காட்டச் சொல்லியிருக்கிறன். தம்பிக்கும் விளங்கப்படுத்திட்டன்.

நிலாவெளி அக்கா:
ஆரிட்டக் குடுத்தாலும் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி, மூண்டடி அகலத்தில போடச் சொல்லுங்கோ. எங்கட மாமி உள்ளுக்க விழுந்து கதவோட சாய்ஞ்சு கிடந்தா. தள்ளித் திறக்க ஏலாமல் ஜன்னலை உடைச்சுத்தான் போனனாங்கள். வாசலில படிக்கட்டு வேண்டாம், தரையைத் தண்ணிவழிப் பக்கம் சரிச்சு விட்டாக் காணும். டைல்ஸ் சொரசொரப்பா எடுங்கோ.

உப்புவெளி மகள்:
அக்கா, கைபிடிச் சட்டம் எந்த உயரத்தில பூட்டிறது?

நிலாவெளி அக்கா:
அம்மாவைக் கொமோட் உயரத்துக் கதிரையில இருத்தி எழும்பச் சொல்லுங்கோ. கை தானாப் போற இடத்தில, டைல்ஸ் ஒட்ட முதல், சுவரில பென்சிலால கோடு போட்டுப் பாஸிட்டக் காட்டுங்கோ. அந்த இடத்தில பொத்தல் கல்லு வைக்க வேண்டாம், ஆணி பிடிக்காது.