புதுப்பிப்பு: விமர்சனத்துக்காக நிறுவனம் போட்ட வழக்கு – இடைக்காலத் தடை கிடைக்கவில்லை

நாங்கள் எழுதிய விமர்சனப் பதிவால் வியாபாரம் கெட்டது என்று ஒரு நிறுவனம் நோட்டீஸ் விட்டதைப் பற்றிக் கேட்டிருந்தேன். வழி சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே கொடுக்கும் மனு) யோசனைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ-யில் முன்பே போட்டு வைத்ததால், எங்களைக் கேட்காமல் தடை வாங்க முடியவில்லை. கேவியட் 90 நாளில் காலாவதியாகும். மறுபடி போட்ட பிறகுதான் வழக்கே வந்தது. ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் கட்டுரைக்கு எதிராக ஜீ நிறுவனம் போட்ட வழக்கில் 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினோம்: முழு விசாரணைக்கு முன் பதிவை முடக்குவது விதிவிலக்காகவே இருக்க வேண்டும். தடை மனு தள்ளுபடி.

எதிர்பாராத தலைவலி, ஆதாரமாகக் கொடுத்த ஸ்கிரீன்ஷாட். மின்னணு ஆதாரத்துக்கான பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழைக் கொடுத்தோம்; ஏற்காமல் திருப்பிவிட்டார்கள். இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும்: ஏ பகுதியை நாம் நிரப்ப வேண்டும், பி பகுதியை நிபுணர்; கூடவே ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை போன்ற எண்; கோப்பு மாறினால் இதுவும் மாறும்). வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கி ஹாஷ் மாறிவிடும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

மூல வழக்கு நடக்கிறது. எதிருரை (வழக்குக்கு நாங்கள் எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய, சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்.