சிஓபிடி இருப்பவருக்கு இதய சிடி ஸ்கேன்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஒரு மகள், ஈரோடு:

அம்மாவுக்குப் பல வருடமாக சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சுவிடச் சிரமப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய். வீட்டில் யாரும் பீடி, சிகரெட் பிடித்ததில்லை. விறகடுப்புப் புகைதான் காரணம் என்று நுரையீரல் மருத்துவர் சொன்னார். சமீபத்தில் மூச்சிரைப்போடு நெஞ்சு இறுக்கமும் சேர்ந்துகொண்டது. கோளாறு நுரையீரலிலா இதயத்திலா என்று பிரிக்க முடியவில்லை. டிரெட்மில்லில் அவரால் நடக்க முடியாது. காற்று அடைத்து உப்பிய நுரையீரல் மறைப்பதால் எக்கோவிலும் படம் சரியாக விழவில்லை. அதனால் இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன், அதாவது சிடி கொரோனரி ஆஞ்சியோ, எழுதிக் கொடுத்தார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது நாடித்துடிப்பைப் பற்றி. துடிப்பு நிமிடத்துக்கு 60, 65க்குள் இருந்தால் இதய ரத்தக்குழாய்கள் கலங்காமல் தெரியும். அம்மாவுக்கோ 90க்குக் கீழே வராது. சால்புடமால் இன்ஹேலர், தியோஃபிலின் மாத்திரை இரண்டுமே துடிப்பைக் கூட்டக்கூடியவை. துடிப்பைக் குறைக்க ஸ்கேனுக்கு முன் வழக்கமாகத் தரும் மெட்டோபிரோலாலை நர்ஸ் எடுத்து வந்தபோது, அம்மாவுக்கு அடிக்கடி வீசிங் வரும் என்று சொன்னேன். அவர் மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரை அழைத்து வந்தார். மெட்டோபிரோலால் பெரும்பாலும் இதயத்தில்தான் வேலை செய்யும், சிஓபிடி உள்ள பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் ஆஸ்துமாவும் கலந்து, மூச்சுக்குழாய் சட்டென்று இறுகுகிறவர்களுக்கு ஆபத்து என்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அம்மாவுக்கு ஐவாப்ராடின் கொடுத்தார். அது துடிப்பை மட்டும் குறைக்கும், மூச்சுக்குழாய் பக்கம் போகாது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம், துடிப்பு இறங்கியது, ஸ்கேன் முடிந்தது. பெரிய அடைப்பு எதுவும் இல்லை. அந்த நர்ஸுக்கும் மருத்துவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஸ்கேனுக்கு முந்தைய நாளிலிருந்து காபி, டீ வேண்டாம் என்பார்கள், சரி. துடிப்பு கூடுமே என்று இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

சிடி டெக்னீஷியன், மதுரை:

சகோதரி சொன்னது அத்தனையும் சரி. என் பக்கமிருந்து மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். படம் எடுக்கும் சில விநாடிகள் மூச்சை அடக்க வேண்டும். 320 ஸ்லைஸ் மாதிரியான பெரிய மெஷினில் ஒரே துடிப்பில்கூட முழு இதயமும் கிடைத்துவிடும். பழைய மெஷினில் 10 விநாடி வரை ஆகலாம். சிஓபிடிக்காரர்கள் பயத்தில் நெஞ்சு முட்ட இழுப்பார்கள், இருமல் வந்துவிடும். அவ்வளவு வேண்டாம், இயல்பாக இழுத்து நிறுத்தினால் போதும். முந்தைய நாளே வீட்டில் பழகிக்கொண்டு வாருங்கள். ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஊசியில் போடும் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும்; அது தெரியாமல் பதறி மூச்சை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்கள் குழாயைப் போட்டுக்கொண்டே படுக்கலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்றால் மேஜையில் ஏறும் முன்பே சொல்லுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து மறைக்காதீர்கள். ரத்தக்குழாய் விரிய நாக்கடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்போம். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காக சிலர் சில்டெனாஃபில் சாப்பிடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அபாயகரமாக இறங்கிவிடும். ஆண்மைக் குறைவுக்கும் அதே மாத்திரைதான் என்பதால் ஆண்கள் அதன் பேரைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். உயிர் விஷயம், சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, கோவை:

எனக்கு நேர்மாறாக நடந்தது. நுரையீரலுக்காக எடுத்த சாதாரண சிடியிலேயே இதயக் குழாய்களில் கால்சியம் படிந்திருப்பது (குழாயில் கொழுப்பு சேர்வதன் அடையாளம்) தெரிந்துவிட்டது. அறிக்கையின் கடைசியில் ஒற்றை வரியில் இருந்தது. நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை, அதனால் நான் இதய மருத்துவரிடம் போனதும் கிடையாது. நுரையீரல் மருத்துவர்தான் அந்த வரியை அடிக்கோடிட்டு அனுப்பி வைத்தார். இப்போது கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன், சிகரெட்டை விட்டாயிற்று. எனக்கும் அந்த ஆஞ்சியோ எடுக்கலாமா என்று அடுத்த முறை கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எனக்குக் கொஞ்சம் கூடுதல், அந்த ரிப்போர்ட்டையும் கொண்டு போகிறேன்.