இடது முன்சக்கர ஹப் மறுபடி ஆடுகிறது

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். கார் 2001 மாடல் மஸ்தா எம்.எக்ஸ்-5, அண்ணன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. கேரள எல்லை தாண்டி, கோவை அருகே செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிறேன்.

மழை ஓய்ந்ததும் போட்ட புதிய ஹப் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி), பொங்கலுக்குள் போய்விட்டது. வலப்பக்கம் திருப்பினால் இரைச்சல் கூடுகிறது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறது. வளைவு முடிந்து பிரேக்கை மிதித்தால் முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்குகிறது. ஹப் சாய்வதால் பிரேக் டிஸ்க், பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பது என் கணிப்பு. இதுதான் பயமுறுத்துகிறது, இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டயரை இடம் மாற்றினேன், இரைச்சல் மாறவில்லை. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த வீல் ஸ்பேசர் தகட்டைக் கழற்றிவிட்டேன். ஹப்புக்குப் புதிய நட்டைப் போட்டு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில்தான் முறுக்கினேன். ஹப் பொருந்தும் அச்சான ஸ்பிண்டிலை டயல் கேஜ் என்ற அளவுகருவியில் பார்த்தாயிற்று, வளைவில்லை. செமி ஸ்லிக் டயருக்கு (வரிப்பள்ளம் குறைந்த, வளைவில் பிடிப்பு அதிகமான டயர்) மாறிய பிறகுதான் இந்தத் தொல்லை. சாலைக்குச் செய்த ஹப் அந்தப் பக்கவாட்டு விசையைத் தாங்கவில்லை; காரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய டயருக்குத் திரும்பச் சொல்லும் நண்பர்களுக்கு முன்கூட்டியே நன்றி!

இந்த ஹப்பில் பேரிங் உள்ளேயே அடைத்து வருகிறது, தனியாக மாற்ற முடியாது. வெளிநாட்டுப் பந்தய ஹப்பின் விலையோடு சுங்க வரியும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது.

பேரிங்கைத் தனியாக மாற்றும்படியான ஹப்பை நல்ல எஃகில் கடைந்து தரும் பட்டறை கோவையிலோ பாலக்காட்டிலோ உண்டா? அப்படிச் செய்து பந்தயத் தடத்தில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.