பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரை: தங்கினவங்க, சுத்தினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஜூன் மாதம் அம்மா திருநெல்வேலியில் இருந்து வந்திருந்தார்கள். லண்டனைக் காட்டி முடித்ததும், "கடல் பாக்கணும். ஆனா கூட்டம் ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வேல்ஸின் தென்மேற்கு மூலையான பெம்ப்ரோக்‌ஷயருக்குப் போனோம். ரீடிங் ஊரில் இருந்து, வழியில் நிறுத்தி நிறுத்திப் போனதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது.

சோல்வாவுக்கும் செயின்ட் டேவிட்ஸுக்கும் நடுவே ஒரு பண்ணையில் வீடு எடுத்திருந்தோம். பழைய மாட்டுத் தொழுவத்தை வீடாக மாற்றியிருந்தார்கள். தொழுவம் என்று கேட்டதும் அம்மாவின் முகம் சுருங்கியது. உள்ளே போய் கல்சுவரைத் தடவிப் பார்த்த பிறகு, "நம்ம தாத்தா வீடு மாதிரி குளுகுளுன்னு இருக்கு" என்றார்கள். மேசை மேல் ஒரு தகர டப்பாவில் பாரா ப்ரித் இருந்தது. தேநீரில் ஊறிய உலர்பழம் போட்டுச் செய்கிற வேல்ஸ் ரொட்டி அது. பண்ணைக்காரப் பாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்மா விடவில்லை. "வெறும் டப்பாவையா கொடுப்பே?" ஊரில் இருந்து கொண்டுவந்த தட்டையை நிரப்பிக் கொடுத்தார்கள். சாயங்காலம் அந்தப் பாட்டி கையில் ஒரு பை உருளைக்கிழங்கோடு வந்து நின்றார், மண் கூடக் காயவில்லை. மே, ஜூனில் அந்தப் பக்கத்தில் தோண்டும் முதல் கிழங்குக்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. தோலை உரிக்கவே வேண்டாம், தேய்த்துக் கழுவினால் போதும். அன்று ராத்திரி பொடிமாஸ். அதிலும் ஒரு கிண்ணம் அந்த வீட்டுக்குப் போனது. அவர் பேரப் பிள்ளைகளோடு வெல்ஷ் மொழியில்தான் பேசுகிறார். அம்மாவோடு எந்த மொழியில் பேசினார்கள் என்று எனக்கே விளங்கவில்லை, ஆனால் அரை மணி நேரம் பேசினார்கள்.

அவர் என்னிடம் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. கோடையில் நிரம்பி வழியும் கடலோரத் தெருக்களில், ஜனவரியில் விளக்கெரியும் வீடுகளை விரல் விட்டு எண்ணலாமாம். பாதி வீடுகள் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு வாங்க முடிவதில்லை. 2023 ஏப்ரலில் இருந்து, வருடத்தில் 182 நாளாவது வாடகைக்குப் போனால்தான் அந்த வீட்டை வரிக் கணக்கில் தொழிலாக எடுப்பார்கள் என்று வேல்ஸ் அரசு விதி கொண்டுவந்தது. இனி நான் முன்பதிவு செய்யும்போது, வீட்டு உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று பார்த்துத்தான் செய்வேன். உங்களையும் அதையே செய்யச் சொல்வேன்.

செயின்ட் டேவிட்ஸ் பேருக்குத்தான் நகரம். பிரிட்டனிலேயே மிகச் சிறியது, 2,000 பேர் கூட இல்லை. 1181-இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. வாசல் கோபுரத்தில் இருந்து 39 படி இறங்க வேண்டும். இங்கே இரண்டு முறை வந்தால் ரோமுக்கு ஒரு முறை போன புண்ணியம் என்று 12-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் சொன்னதாக வரலாறு. அம்மாவுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

அதைவிட அவர்களை நிறுத்தி வைத்த இடம் செயின்ட் நொன் கிணறு. ஊருக்குப் பெயர் தந்த புனிதர் டேவிட்டின் தாய்தான் இந்த நொன். புயலடித்த ஒரு நாளில் பாறை மேட்டில் பிள்ளை பெற்றபோது, அந்த இடத்தில் ஊற்று பொங்கியதாம். ஊரில் இருந்து ஒரு மைலுக்குள்தான். சின்னக் கல் மாடத்துக்குள் தண்ணீர், பக்கத்தில் இடிந்த கோயில் சுவர், கீழே கடல். கண் நோய்க்கு இந்தத் தண்ணீர் நல்லது என்பது பழைய நம்பிக்கை. அம்மாவுக்கு அதற்கு முந்தின வருடம்தான் கண்புரை எடுத்திருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும் முன்பே குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அங்கே சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நின்ற ஒரு அம்மாள் நகர்ந்து இடம் விட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு: சாலையில் வெள்ளையில் "அராவ்" என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போ என்று பொருள். சந்துகள் ஒரு வண்டி அகலம்தான், இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் வேலி. எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்பாதீர்கள்.

*

அக்கா, நாங்கள் ஒவ்வொரு வருசமும் அந்தப் பக்கம் போறனாங்கள். ஆனால் கடலுக்கு இல்லை, முருகனிட்டை. கார்மார்தனுக்கு வடக்கை, லான்பும்சைன்ட் எண்ட ஊருக்குக் கிட்ட ஸ்கந்தவேல் எண்ட கோயில் இருக்குது. இலங்கையில இருந்து வந்த குரு ஸ்ரீ சுப்பிரமணியம் 1973-இல துவங்கின இடம். முருகன், சக்தி, ரங்கநாதர் எண்டு மூண்டு சந்நிதி. பூசை செய்யிற சாமிமார் அனேகம் வெள்ளைக்காரர். அவை சொல்லுற மந்திர உச்சரிப்பைக் கேட்டால் கண் கலங்கும்.

2007-இல சம்போ எண்ட கோயில் காளையைக் காசநோய் எண்டு அரசாங்கம் கொண்டுபோய்க் கொன்றது. அந்த நாள் எங்கடை வீட்டில அம்மம்மா சாப்பிடேல்லை. இப்பவும் அந்தக் கதையைச் சொல்லாமல் எங்களாலை அந்தக் கேற்றைக் கடக்க ஏலாது.

போறதெண்டால் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாமல் போங்கோ. பூசை முடிய எல்லாருக்கும் சாப்பாடு குடுப்பினம், காசு கேக்கமாட்டினம். கடலுக்குப் போற வழியில நிண்டு கும்பிட்டிட்டுப் போகலாம், அம்மாவுக்குப் பிடிக்கும்.

*

எங்க அனுபவம் அவ்வளவு நல்லதா அமையல. டென்பி பக்கம் ஒரு கேரவன் பார்க்ல (பேர் வேணாம்) "கடல் பார்த்த வீடு"ன்னு போட்டிருந்தாங்க. ஜன்னலைத் திறந்தா முன்வரிசைக் கேரவனோட கூரைதான் தெரிஞ்சுது. ராத்திரி பதினொரு மணிக்கு கேஸ் சிலிண்டர் தீர்ந்து, குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியல. அலுவலகம் காலையிலதான் திறந்துச்சு. கேரவன் எடுக்கிறவங்க, எத்தனையாவது வரிசை, மாற்றுச் சிலிண்டர் உண்டா, சூடேற்றி எதுல ஓடுதுன்னு மூணையும் எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

ஆனா டென்பி ஊரை நான் குறை சொல்ல மாட்டேன். வெல்ஷ்ல அதோட பேரு தின்பிக்-அ-பிஸ்கோட். மீன்களோட சின்னக் கோட்டைன்னு அர்த்தம், எங்க தூத்துக்குடிக்காரருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. துறைமுகத்தைச் சுத்தி வரிசையா வண்ண வீடுங்க. தண்ணி இறங்கும்போது செயின்ட் கேத்தரின் தீவுக்கு மணல்லயே நடந்து போகலாம். ஒரு நாள் காலையில நடந்து போனோம்; மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்னா இன்னும் தண்ணி. ஓதம் (கடல் தண்ணி ஏறி இறங்குறது) நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும்னு படகுக்காரர் ஒருத்தர் பொறுமையா விளக்கினாரு. இந்தக் கடற்கரையில தண்ணி ஏறி இறங்குற உயரம் ரொம்ப அதிகம், பாறை மூலையைத் தாண்டி விளையாடப் போன பிள்ளைங்க திரும்பி வர வழி இல்லாம மாட்டிக்கும். ஓத அட்டவணை கடையில சின்னப் புத்தகமா கிடைக்கும், முதல் நாளே வாங்கிடுங்க.

*

செப்டம்பர் கடைசியில் தனியாகப் போனேன். கார் இல்லை. ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. கடலோரப் பாதை மொத்தம் 186 மைல், 1970-இல் திறந்தது. நான் நடந்தது நாலு நாள்தான். பஃபின் பறவைகள் ஜூலை முடிவதற்குள் கடலுக்குப் போய்விடும், அதைத் தெரிந்தேதான் போனேன். எனக்கு வேண்டியது சீல், அதாவது கடல்நாய்.

மார்ட்டின்ஸ் ஹேவன் பக்கத்து மேட்டில் படுத்து எட்டிப் பார்த்தேன். கீழே கூழாங்கல் கரையில் வெள்ளை ரோமத்தோடு ஒரு குட்டி, பிறந்து சில நாள்தான் இருக்கும். முதலில் கேட்டது அதன் அழுகை. கைக்குழந்தை அழுகிறது என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். தாய் தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு காவல் காத்தது. ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தேன். தயவுசெய்து கரைக்கு இறங்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். பயந்த தாய் குட்டியை விட்டுப் போனால் அது பட்டினியால் சாகும்.

*

எல்லாருக்கும் நன்றி. ஸ்கந்தவேல் பற்றிச் சொன்ன தங்கைக்கு, அம்மா உங்கள் பதிவை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். அடுத்த முறை முதல் நிறுத்தமே அதுதான்.

ஸ்கோமர் தீவுக்கு வயதானவர்கள் போகலாமா என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: படகு மார்ட்டின்ஸ் ஹேவனில் இருந்து போகும், முன்பதிவு கட்டாயம். இறங்கியதும் 87 படி செங்குத்தாக ஏற வேண்டும். தீவில் சாப்பாட்டுக் கடை கிடையாது, கையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மா முழங்கால் வலியால் இந்தப் பக்கமே இருந்துகொண்டார்கள். நானும் பையனும்தான் போனோம். அங்கே 40 ஆயிரத்துக்கு மேல் பஃபின்கள். வாய் நிறைய விலாங்கு போல மெலிந்த மீன்களை அடுக்கிக்கொண்டு பாதையைக் கடக்கும், நாம் நின்று வழிவிட வேண்டும். பாதையை விட்டுக் கால் வைத்தால் அவற்றின் வளை இடிந்துவிடும். ஒரு பஃபின் பையனின் காலணியை மோந்துவிட்டு வளைக்குள் போனது.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா படகுத்துறை மேட்டில், யாரோ ஒரு தம்பதி கொடுத்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மடியில் தட்டை டப்பா காலி.