அப்பாவின் கேசட்டுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். போன சனி, ஞாயிறு மயிலாடுதுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட, மொட்டை மாடியில் பாட்டுக் கச்சேரி. நடுவில் அப்பா பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே நாற்பது கேசட்டுகள்!

எல்லாம் 1980களில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்தவை. ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். எந்தப் பாட்டும் பாதியில் அறுந்துவிடாமல் கணக்குப் போட்டு நிரப்பியிருக்கிறார். (அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை.) சினிமா பாட்டுகள் இணையத்தில் கிடைத்துவிடும். ஆனால் ஒன்றில் தாத்தா பாடியது இருக்கிறது. அதற்கு வேறு நகல் கிடையாது.

பழைய டேப் ரெக்கார்டரில் வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். மோட்டார் சத்தம் வருகிறது, கேசட் சுற்றவில்லை. திறந்தால் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடக்கிறது. தாத்தா கேசட்டின் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு.

டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நாடாவில் தொடலாமா? கேசட்டில் ஸ்க்ரூ இல்லை, ஒட்டிய வகை. உடையாமல் எப்படித் திறப்பது? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெல்ட் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்களா? அப்புறம், யூஎஸ்பி கேசட் பிளேயர் போதுமா, இல்லை நல்ல கேசட் டெக்கிலிருந்து கணினிக்கு ஒயர் போட்டு ஆடாசிட்டி மென்பொருளில் பதிவதுதான் சரியா?

அடுத்த வெள்ளி இரவு மறுபடி ஊருக்குப் போகிறேன். அதற்குள் சொன்னால் தேவையான சாமான்களைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.