பொருள்: கோமாளி மீனின் முதற்பருவத்துக்கு ஒரு சொல் தேவை (வெள்ளிக்குள்)

அனுப்புநர்: உவர்மலை ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் உயர்தர உயிரியல் மாணவர்களும் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் சில குடும்பங்களும் சேர்ந்து ஒரு சிறு கைந்நூல் போடுகிறோம். கோமாளி மீன் முட்டையிட்டதிலிருந்து வெள்ளைக் கோடு விழும்வரை என்ன செய்வது என்பதே பொருள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல் மூன்றாம் பக்கத்தில். முட்டையிலிருந்து வெளிவரும் பருவத்தை மாணவர்கள் ‘குஞ்சு’ என்று எழுதி வந்தார்கள். வெட்டிவிட்டேன். கப்பி என்ற சின்னத் தொட்டிமீன் போடுவது குஞ்சு. பிறக்கும்போதே செட்டையும் வாலும் உள்ள முழுமீன். தூள் தீனை நசுக்கிப் போட்டால் தின்னும். கோமாளி முட்டை பொரித்து வருவது 3, 4 மில்லிமீற்றர் நீளம். உடம்பு ஊடுதெரியும், கண் இரண்டும்தான் கண்ணில் படும். அது தூளைத் திரும்பியும் பாராது. அசைகிற உயிர்த்தீன் வேண்டும், அதுவும் வாய்க்கு அடங்கின அளவில். குஞ்சு என்று எழுதினால் வாசிக்கிறவர் தூளைப் போடுவார், தூள் அடியில் அழுகும், அமோனியா ஏறும், விடியும்போது தொட்டி வெறுமையாக இருக்கும். அழகுக்காக நான் சொல் கேட்கவில்லை.

லார்வா என்னும் இந்தப் பருவத்துக்குப் பாடநூலில் ‘குடம்பி’ இருக்கிறது. போடலாமா? கூடவே, அதற்கு முதல் தீனாகப் போடும் நுண்ணிய நீருயிரான ரொட்டிபருக்கும் ஒரு சொல் வேண்டும்.

—

அனுப்புநர்: கிண்ணியாக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

ரீச்சர், குடம்பி வேணாம். சனத்துக்குக் குடம்பி எண்டா நுளம்புக் குடம்பிதான். டெங்கு போஸ்டர் எல்லாத்திலயும் அந்தச் சொல்தான் கிடக்கு. ‘வீட்டில் குடம்பி வளர்ப்பது எப்படி’ எண்டு நீங்க புத்தகம் அடிச்சா முதல் பிரதிய நுளம்பு தேடி வாற சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. தான் வாங்குவார். வாங்கிட்டு வழக்கும் போடுவார்.

நாங்க வீட்டில ‘பொடி’ எண்டுதான் சொல்றது. பொடி பொரிச்சிட்டு, பொடிக்குத் தீன் வை. எல்லாருக்கும் விளங்குதுதானே?

—

அனுப்புநர்: தம்பலகாமத்தான்

> நாங்க வீட்டில ‘பொடி’ எண்டுதான் சொல்றது

தம்பி, ‘மீன்பொடி’ என்று அச்சிட்டால் மாசிக்கருவாடு இடித்துச் சம்பல் போடும் நூல் என்று வாங்குவார்கள். விற்பனை கூடலாம்.

ரீச்சருக்கு: தொல்காப்பியர் மரபியலின் முதல் நூற்பாவிலேயே இளமைப் பெயர் ஒன்பதையும் சொல்லிவிட்டார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ‘குஞ்சு’ இதில் இல்லை, ஆகவே நீங்கள் வெட்டியது சரி. ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ என்றவர், ‘தவழ்பவை தாமும் அவற்று ஓரன்ன’ என்று வாசலையும் திறந்துவைத்தார். அந்த வாசலால் நுழைந்தவைதான் ஐங்குறுநூற்று 41இன் முதலைப் பார்ப்பும், 44இல் தாய்முகம் நோக்கி வளரும் யாமையின் இளம்பார்ப்பும். முதலைக்கும் யாமைக்கும் ஆகுமென்றால் மீனுக்கு மட்டும் என்ன தடை? ‘மீன்பார்ப்பு’ என்று எழுதுங்கள். கடன் வாங்க வேண்டாம், புதிதாய் அடிக்கவும் வேண்டாம்.

—

அனுப்புநர்: நிலாவெளியான்

ஐயா, 41ஆம் பாட்டின் முதலை தன் பார்ப்பையே தின்கிறது. ‘தன் பார்ப்புத் தின்னும் அன்பில் முதலை’. ரீச்சர், அந்த வரியைக் கைந்நூலில் சேர்க்கலாம், ஏனென்றால் கோமாளி மீனும் இதில் குறைந்ததல்ல. முட்டையாக இருக்கும்வரை ஆண் மீன் செட்டையால் விசிறும், வாயால் துப்புரவாக்கும், பழுதானதைப் பொறுக்கித் தின்னும். அப்படியொரு காவல். பொரித்தபின் அதே தொட்டியில் விட்டுவைத்தால் தாய், தகப்பன், கூட இருக்கிற மீன், வடிகட்டி எல்லாம் சேர்ந்து முடித்துவிடும்.

அதனால்தான் பொரிக்கும் இரவுக்கு முன் முட்டை ஒட்டிய ஓட்டுத் துண்டையோ கல்லையோ தனித்தொட்டிக்கு மாற்றுகிறோம். 27, 28 பாகை வெப்பத்தில் பெரும்பாலும் 7 அல்லது 8 நாளில் பொரிக்கும். முட்டைக்குள் கண் வெள்ளியாய் மினுங்கினால் நாள் நெருங்கிவிட்டது. விளக்கை அணைத்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிடும்.

ஆனாலும் ‘பார்ப்பு’ சரிவராது. யாமைப் பார்ப்பு பிறக்கும்போதே யாமை. இளமைப் பெயர் ஒன்பதும் சின்ன உருவத்தைச் சொல்பவை. நமக்கு வேண்டியது வேறு உருவத்தைச் சொல்லும் பெயர். லின்னேயசு ‘லார்வா’ என்ற இலத்தீன் சொல்லை எடுத்ததும் அதற்காகத்தான். பேய், முகமூடி என்று அதற்குப் பொருள். வளர்ந்த உயிரின் உருவை மூடிநிற்பது.

—

அனுப்புநர்: தம்பலகாமத்தான்

அப்படியானால் ‘மறையுரு’.

—

அனுப்புநர்: கிண்ணியாக்காரன்

ஐயா, மறையுரு எண்டா எங்கட பக்கம் ஜின்னப் பத்தின புத்தகம் எண்டு நினைப்பாங்க.

—

அனுப்புநர்: அடையாற்றிலிருந்து

நண்பர்களே, இங்கே பாடநூல்களில் ‘இளவுயிரி’ புழங்குகிறது. பூச்சி, நண்டு, மீன் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘குடம்பி’ என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் புரியாது. இணையத்தில் போடும்போது இரு கரைக்கும் பொதுவான சொல்லாக இருந்தால் நல்லதல்லவா?

—

அனுப்புநர்: உவர்மலை ரீச்சர்

அடையாற்று நண்பருக்கு நன்றி. ஆனால் இந்தக் கைந்நூல் இணையத்துக்குப் போகுமுன் உப்புவெளிக்கும் மூதூருக்கும் போகிறது. ‘இளவுயிரி’யில் எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. இளமையான உயிர் என்று பிரித்தால் கப்பிக் குஞ்சும் இளவுயிரிதான். பழைய குழியில் வேறு பக்கத்தால் விழுகிறோம்.

எனக்கு இரண்டு சொல் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பகுதியில் பங்காய் கார்டினல் என்ற கடல்மீன் வருகிறது. அதன் ஆண் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்க வைக்கும். வாயைவிட்டு வெளியே வரும்போது அது கோடு, செட்டை எல்லாம் உள்ள சின்ன மீன். அதற்குக் குஞ்சு பொருந்தும். கோமாளிக்குப் பொருந்தாது. ஒரே நூலில் இரண்டையும் குஞ்சு என்றால் பிள்ளைகள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

—

அனுப்புநர்: தம்பலகாமத்தான்

‘குடம்பி’யை நுளம்புக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? அதன் குலத்தைப் பாருங்கள். ‘குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே’ (குறள் 338). குடம்பையைக் கூடு என்பாரும் உளர். பரிமேலழகர் முட்டை என்று கொண்டார். முட்டை கிடக்க அதனுள் இருந்த புள் பருவம் வந்து பறந்துபோயிற்று என்பது அவர் காட்டும் பொருள். குடம்பையை உடையது குடம்பி. மீன் முட்டையிலிருந்து வருவதற்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

இன்னும் ஆழமாய்ப் போனால் ‘குட’ என்பது வளைவு. குடம் வளைந்தது, குடம்பை வளைந்தது. குடாவும் வளைந்ததுதான். கொட்டியாரக் குடா, தம்பலகாமக் குடா, சீனன்குடா என்று வளைவுகளுக்குள் வாழ்கிற நாம் ஒருவகையில் எல்லோரும் குடம்பிகளே.

—

அனுப்புநர்: நிலாவெளியான்

ஐயா, காலையில் பார்ப்புக் கட்சி, மாலையில் குடம்பிக் கட்சி. எந்தப் பக்கம்?

—

அனுப்புநர்: தம்பலகாமத்தான்

பார்ப்புதான். குடம்பிக்கு நடந்த அநியாயத்தைச் சொன்னேன்.

—

அனுப்புநர்: கிண்ணியாக்காரன்

நான் வளர்க்கிறவன், எனக்கு ரெண்டு காலந்தான் தெரியும். மிதக்கிற காலம், இறங்கின காலம். முதல் வாரம் தண்ணிக்குள்ள தொங்கிக்கொண்டு திரியும். ரெண்டாம் வாரத்தில வெள்ளைக்கோடு மெல்ல விழும், பிறகு அடிக்கு இறங்கிச் சுவரோரம் நிக்கும். இறங்கினா அரைவாசி தப்பிச்சது. ‘மிதவைக்குஞ்சு’, ‘இறங்குகுஞ்சு’ எண்டு போட்டா என்ன ரீச்சர்? மிதவைக்குஞ்சுக்குத் தூள் போடாதே எண்டா ஒரு வரியில முடிஞ்சிது.

—

அனுப்புநர்: உவர்மலை ரீச்சர்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லைப் பார்த்தாலே என்ன செய்வது என்று தெரிகிறது.

—

அனுப்புநர்: தம்பலகாமத்தான்

சங்க இலக்கியத்தில் மிதவை என்பது கூழ். அகநானூறு 86இல் திருமண வீட்டில் ‘உழுந்து தலைப்பெய்த கொழுங்களி மிதவை’ பரிமாறுகிறார்கள். உழுத்தங்களிக்குள் குஞ்சு விழுந்த கதையாகிவிடும். மேலும் அந்தப் பாட்டில் வரும் மணச்சடங்கில் தீவலம் இல்லை, கவனித்தீர்களா? நீரும் பூவும் நெல்லும்தான். இதுபற்றித் தனியே எழுதுகிறேன்.

—

அனுப்புநர்: நிலாவெளியான்

வேண்டாம் ஐயா, தனியேகூட.

மிதவைக்குஞ்சில் என் மறுப்பு வேறு. அவை மிதப்பதில்லை, நீந்துகின்றன. வெளிச்சத்தை நோக்கிப் போகும். பக்கச் சுவர் கண்ணாடியாகவே இருந்தால் மூக்கை மோதிக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடி, மேலிருந்து மங்கல் வெளிச்சம் விடச் சொல்கிறோம். ‘மிதவை’ என்று பெயர் வைத்தால் அசையாமல் கிடப்பதைச் சுகமாக இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். அசையாமல் கிடந்தால் அது சாகிறது என்று அர்த்தம்.

அடுத்தது ரொட்டிபர். தலையில் உள்ள மயிர்வட்டம் அசையும்போது சில்லு சுழல்வதுபோலத் தெரிவதால் அந்தப் பெயர். ‘சில்லுயிரி’ என்று வைக்கலாம். கோமாளி பொரித்த முதல் நாளே அதன் வாய்க்கு அடங்குகிறது. ஒரு மில்லிலீற்றருக்கு 10 அளவில் நிற்க வேண்டும். 5ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் ஆட்டீமியாவை, அதாவது உப்புநீரில் வாழும் இறால்போன்ற சிற்றுயிரின் பொரித்த பருவத்தை, கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்கலாம். எல்லா மீனுக்கும் இது சரிவராது. மஞ்சள் டாங் மீனை ஹவாயில் முதன்முதல் தொட்டியில் பிறப்பித்து வளர்த்தெடுத்தது 2015இல்தான். அதன் வாய்க்குச் சில்லுயிரியே பெரிது. கொப்பிபொட் என்ற நுண்ணிய ஓட்டுயிரின் பொரித்த பருவந்தான் அடங்கியது.

—

அனுப்புநர்: அடையாற்றிலிருந்து

‘சில்லு’ என்றால் இங்கே கணினிச் சில்லு. சில்லுயிரி என்றால் கணினிக்குள் குடியிருக்கும் பூச்சி என்று நினைப்பார்கள். ‘சக்கரவுயிரி’ என்றால்?

—

அனுப்புநர்: கிண்ணியாக்காரன்

எங்களுக்குச் சைக்கிளுக்கும் சில்லுத்தான், பஸ்ஸுக்கும் சில்லுத்தான். ஆனா ஒண்டு சொல்றன். கரண்ட் போய், தண்ணிக்குக் காத்து விடுற காத்துக்கல் நிண்டு, வாளியில உள்ள ரொட்டிபர் முழுக்கச் செத்து, பொடியெல்லாம் பசியில கிடக்கேக்க ஆருக்காவது போன் எடுத்து “சில்லுயிரி இருக்கா?” எண்டு கேப்பமா? ரொட்டிபர் எண்டே விடுங்க.

—

அனுப்புநர்: உவர்மலை ரீச்சர்

ரொட்டிபர் ரொட்டிபராகவே இருக்கட்டும். அடுத்த சந்தேகம்: உபதலைப்பு ‘உவர்நீர் மீன் வளர்ப்பு’ என்று இருக்கிறது. சரிதானே?

—

அனுப்புநர்: நிலாவெளியான்

இல்லை. இது மிக முக்கியம். நம்மிடம் உவர்நீர் என்றால் களப்புத் தண்ணீர், ஆறும் கடலும் கலந்தது. அப்படி எழுதினால் ஒருவர் கொட்டியாரக் குடா ஓரத்தில் போத்தலை நிரப்புவார். அங்கே மாவலி ஆறு விழுகிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் உப்பு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்க வேண்டிய இடத்தில் பாதித் தண்ணீரில் பொரிக்க வைத்தால் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. ‘கடல்நீர் மீன்’ என்றே போடுங்கள். உப்புமானியால் பார்த்துவிட்டு ஊற்றவும் என்று அடுத்த வரியிலேயே சேருங்கள்.

—

அனுப்புநர்: தம்பலகாமத்தான்

உவரை இழிவுபடுத்த வேண்டாம். ரீச்சர் இருக்கிற உவர்மலையே ‘ஓர்’ என்ற வெள்ளைக்காரன் பெயரைத் தமிழ் நா மென்று விழுங்கியதால் வந்தது என்பது என் துணிபு. ஓர், உவர். கடன்சொல்லை இப்படியல்லவா உள்வாங்க வேண்டும்! இந்த முறையில் லார்வாவை ‘இலார்வை’ என்று ஆக்கினால்

—

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

உவர்மலைப் பெயர்க்காரணத்துக்குத் தனி இழை தொடங்கியாயிற்று. அங்கே தொடருங்கள். ஓர் என்பது தளபதியா மலையின் சொந்தக்காரனா என்ற சண்டை ஏற்கெனவே அங்கே நடக்கிறது. இன்று வியாழன். ரீச்சருக்கு விடை வேண்டும். குடம்பி, பார்ப்பு, மிதவைக்குஞ்சு, இளவுயிரி நான்கில் ஒன்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். விளக்கம் வேண்டாம்.

—

அனுப்புநர்: உவர்மலை ரீச்சர்

விளக்கம் வேண்டாம் என்றபின் வந்த விளக்கங்களுக்கும் நன்றி. பெரும்பாலோர் குடம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். விரும்பி எழுதியவர் குறைவு, பாடநூலில் இருக்கிறது என்பதால் எழுதியவர்களே அதிகம். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் சொல்லிக் குழப்ப எனக்கும் மனமில்லை. நுளம்பை விலக்க எங்கும் ‘மீன்குடம்பி’ என்று சேர்த்தே எழுதுகிறேன். மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டு இப்படி வருகிறது:

“மீன்குடம்பி: முட்டையிலிருந்து வந்து, வெள்ளைக்கோடு விழுந்து அடிக்கு இறங்கும்வரை உள்ள பருவம். இது குஞ்சு அல்ல. தூள் தீன் போடக்கூடாது. ரொட்டிபர் மட்டும், பிறகு ஆட்டீமியா.”

‘இறங்கின குஞ்சு’ என்ற கிண்ணியாத் தம்பியின் சொல்லை அதற்கடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

—

அனுப்புநர்: தம்பலகாமத்தான்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பார்ப்பு சின்ன உருவத்தைத்தான் சொல்லும் என்று நிலாவெளித் தம்பி சொன்னார். நல்லது. அப்படியென்றால் தகப்பன் வாயிலிருந்து முழு உருவோடு வரும் அந்தக் கார்டினல் மீனுக்கு அதைத் தராமல், தொல்காப்பியர் சொல்லாத குஞ்சை ஏன் கொடுத்தீர்கள்?

—

அனுப்புநர்: நிலாவெளியான்

இது நியாயமான கேள்விதான். திங்களில் கேட்டிருந்தால் நானும் கூட நின்றிருப்பேன்.

—

அனுப்புநர்: அடையாற்றிலிருந்து

இணையப் பதிப்பில் மட்டுமாவது ‘இளவுயிரி’யை அடைப்புக்குறிக்குள்…

—

அனுப்புநர்: கிண்ணியாக்காரன்

ரீச்சர், அட்டைப்படம் பாத்தன். ‘மீன்குடம்பி வளர்ப்பு’ எண்டு பெரிசாப் போட்டு, கீழ மூண்டு வெள்ளைக்கோட்டோட ஒரு மீன் நிக்குது. அது இறங்கி மாசக்கணக்கான மீன். இத்தனை சண்டையும் பிடிச்சிட்டு அதைப் போட்டா எப்பிடி? மாத்துங்க. குடம்பிப் படம் என்னட்டக் கிடக்கு. கண் ரெண்டும்தான் தெரியும், பரவாயில்லையா?